சுக்குக்கு ஆவி பிடித்த மத்தியானம்

கதவைக் கால்வாசி மட்டும் திறந்து, அக்கா நீட்டிய வெந்நீர்க் குண்டானை வாங்கி, அவள் எட்டிப் பார்ப்பதற்குள் தோளால் தள்ளிச் சாத்திக் கொண்டியைப் போட்டான் வரதன். தண்ணீரை வாளியில் ஊற்றினான். ஆவி குப்பென்று எழும்பி முகத்தில் அடித்தது. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் ஈரத்துண்டைக் காலாலேயே திணித்துவிட்டு, குளியலறைத் தரையில் மறுபடி சப்பணமிட்டு உட்கார்ந்தான். எதிரே, துணிக்கூடைக்குள் அக்காவின் பழைய நூல் புடவையை மடித்துப் போட்ட மெத்தையில், பூனை சுக்கு படுத்திருந்தது. படுத்திருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. நான்கு காலையும் அடியில் மடக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, ஏதோ கனமான ஒன்றைத் தாடையில் தாங்குகிற மாதிரி இருந்தது. இடது கண் மஞ்சள் பீளையில் ஒட்டிப்போய் மூடிக் கிடந்தது. வலது கண்ணின் பாதியை மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைத் தோல் ஏறி மறைத்திருந்தது. மூச்சை இழுக்கும்போது அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குகிற மாதிரி ஒரு கொர்கொர்ப்பு, விடும்போது மெல்லிய விசில். கொர், விசில், கொர், விசில். இந்தச் சத்தம் இருக்கிறவரைக்கும் பயமில்லை என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்ததே பயமாக இருந்தது.

“வரதா, மூச்சு விடுதா?”

“விடுதுக்கா.”

அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாளா, உட்கார்ந்துவிட்டாளா என்று தெரியவில்லை. குரல் இப்போது கொஞ்சம் கீழேயிருந்து வந்தது. உட்கார்ந்துவிட்டாள். உட்காரட்டும், உள்ளே மட்டும் வரக்கூடாது, இந்தக் கண்ணை அவள் இன்றைக்குப் பார்க்கக்கூடாது, இந்த வாயைப் பார்க்கவே கூடாது. காலையிலிருந்து அது வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, நாய் மாதிரி, நாக்கின் நுனி வெளியே தெரிய. நாக்கின் நிறமும் சரியில்லை. நாவல்பழம் தின்ற மாதிரி. வாயைத் திறந்து மூச்சு விட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள் டாக்டரம்மா, சின்னப் பெண், கெட்டிக்காரி, பூனைச்சளிதான், கிருமி, நிறைய பூனைகளுக்கு வருவதுதான், கண்ணில் புண் விழுந்திருக்கிறது, கண்ணைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஒரு கண் போனாலும் பூனை நன்றாகவே இருக்கும், மூச்சுதான் முக்கியம், சாப்பாடுதான் முக்கியம் என்று தெளிவாகச் சொன்னாள். தாமதிக்காமல் வா என்றவள் இன்றைக்குப் புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை. கிருமிக்குக் கிழமை தெரியுமா. விடிந்ததும் ஆட்டோ வைத்துக்கொண்டு அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனான், அங்கே இருந்த ஒரே டாக்டரும் ஈனும்போது கன்று மாட்டிக்கொண்ட ஒரு பசுவைப் பார்க்க ஏதோ கிராமத்துக்குப் போயிருந்தார், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. வெயில் ஏற ஏறக் கூடைக்குள் அதற்கு மூச்சு முட்டியது, திரும்பி வந்துவிட்டான். திரும்பி வந்திருக்கக்கூடாதோ. அந்த மரத்தடியிலேயே காத்திருந்தால் இந்நேரம் அவர் வந்திருப்பாரோ. டாக்டரம்மா போனில், மேளச் சத்தத்துக்கு நடுவில், “பதறாதீங்க சார், பாத்ரூம்ல வச்சு ஆவி காட்டுங்க, அழுத்திப் பிடிக்காதீங்க, நான் சாயங்காலம் நேரா கிளினிக்குக்கே வந்துடறேன்” என்றாள். சாயங்காலம். சாயங்காலம் என்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. வென்டிலேட்டர் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையே விழுந்த வெயில் இன்னும் செங்குத்தாகவே இருந்தது.

முதலில் தும்மல்தான். அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பூனை தும்முவதைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது, தலையைக் குலுக்கி, தானே அதிர்ந்துபோய், யார் தும்மியது என்று சுற்றுமுற்றும் பார்க்கும். அக்கா அதன் முதுகில் தட்டி “நூறு, நூத்தியொண்ணு” என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். அவள் சிரித்தாள். அவள் சிரிக்கிறாளே என்பதற்காக அது இன்னொரு தரம் தும்மாதா என்று இவன் காத்திருந்தான். ஆமாம், காத்திருந்தான், அது தும்ம வேண்டும் என்று ஆசைப்பட்டான். பிறகு கண்ணில் தண்ணீர். பிறகு பீளை. வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுச் சொட்டு மருந்து விட்டார்கள், துடைக்கத் துடைக்க ஊறியது. பிறகு மூக்கு அடைத்தது, சாப்பாடு நின்றது. பசி இல்லாமல் இல்லை சார், வாசனை தெரியல, வாசனை தெரியலன்னா பூனைக்கு அது சாப்பாடே இல்லை, நல்லா மணக்கிற மாதிரி எதையாவது சூடா குடுத்துப் பாருங்க என்றாள் டாக்டரம்மா. மத்தி வாங்கி வந்து வேகவைத்தான். நெத்திலிக் கருவாட்டைச் சட்டியில் வாட்டினான், மாடி வீடு முழுக்க நாறியது, கீழ்வீட்டு அம்மாள் ஜன்னலை அறைந்து சாத்தினாள். சுக்கு தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்து, யாரோ தெரியாதவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி, தட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தது, அந்த ஒற்றைக் கண்ணால். அக்கா மீனை உதிர்த்து அதன் மூக்கில் தடவினாள். “மோந்து பாருடி. மீனுடி. உனக்குப் புடிச்ச மீனுடி” என்றாள். அது நக்கக்கூட இல்லை. அன்று ராத்திரி அக்காவும் சாப்பிடவில்லை.

அதுதான். அங்கேதான் வந்து முட்டுகிறது எல்லாம். எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான். அக்காவும் சாப்பிடவில்லை.

“வரதா.”

“விடுதுக்கா, விடுது. நல்லா விடுது. நீ போய்ச் சோத்தப் போட்டு சாப்பிடு.”

நல்லா விடுது என்று ஏன் சொன்னான். நல்லா என்ற சொல் அதிகம். அவள் சொற்களைத் தொட்டுப் பார்க்கிறவள். பேசாமலே இருந்தவர்களுக்குச் சொல்லின் கனம் நன்றாகத் தெரியும். கரூர்ப் புகுந்த வீட்டிலிருந்து அவளைக் கொண்டுவந்து விட்டுப்போன அன்றைக்கு, மாமா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, “உங்க அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல, கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்” என்றார். கொஞ்ச நாள். அவர் அப்புறம் வரவேயில்லை. அங்கே என்ன நடந்தது என்று தமயந்தி அக்கா சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். சோறு வைத்தால் கொஞ்சம் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் கேட்க மாட்டாள். ஒரு வார்த்தை இல்லை. ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது தூக்க மாத்திரை அட்டை காலியாகக் கிடந்தது, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், பெரிய ஆஸ்பத்திரியில் அவள் மூக்குக்குள் குழாய் விட்டதும், அந்தக் குழாயில் வந்த சத்தமும், அதை நினைக்காதே, இப்போது நினைக்காதே. பிழைத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இவனுக்குப் பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் அக்காவைப் பற்றிக் கேட்டார்கள், பிறகு இவனே போவதை நிறுத்திவிட்டான். அப்புறம் ஒரு ஐப்பசி மழையில், ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் ஏதோ ஒண்டிக்கொண்டு கத்தியது. இவன் அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தான். உள்ளே ஜன்னல் கொக்கி விலகும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல். கரகரவென்று, துருப்பிடித்த மாதிரி, யாருடையது என்றே புரியாத ஒரு குரல், “நனைஞ்சிட்டியாடி” என்றது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, இவன் நகரவில்லை. நகர்ந்தால் அந்தக் குரல் நின்றுவிடும். “எங்கடி போன இம்மாம் மழையில. யாரு வெரட்டுனா உன்ன” என்றது குரல். சுக்கு மாதிரி ஒரு பழுப்பு நிறம், சுக்கு மாதிரியே சுருங்கிப்போய் இருந்தது அந்தக் குட்டி, அவளே பெயர் வைத்தாள். அதன் பிறகு அவள் பேசிக்கொண்டேயிருந்தாள், பூனையிடம். கரூர் வீட்டுக் கொல்லையில் இருந்த கறிவேப்பிலை மரத்தைப் பற்றி, மாமியாரின் பல்செட்டைப் பற்றி, எல்லாம் பூனையிடம். இவன் கதவுக்கு வெளியே நின்று கேட்பான். மெல்ல மெல்ல, பூனை வழியாகத்தான், இவனிடமும் பேச்சு வந்தது. “மாமன்கிட்ட சொல்லுடி, பால் தீந்துபோச்சுன்னு.” பிறகு ஒருநாள் நேராகவே, “வரதா, பால் வாங்கிட்டு வா.” அந்தப் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வரும்போது தெருவில் நின்று அழுதான். அந்தப் பாலம்தான் இப்போது இந்தக் கூடைக்குள் கொர்கொர்த்துக்கொண்டு கிடக்கிறது.

வலது கால் பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தான் என்பது வலித்த பிறகுதான் தெரிந்தது. தொழில் பழக்கம். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுக்கிறவனின் இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் வேறு ஒருவர் கையில், வண்டி எங்கே போகும் என்பது அவர் கையில், இவனுக்கு இருப்பது அந்த ஒரு மிதி மட்டும். பல வருஷமாக அதன்மேல் காலை வைத்துக்கொண்டே வாழ்ந்துவிட்டான். வீட்டிலும் அப்படித்தான், அக்கா அடுக்களையில் கத்தியை எடுத்தால், மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனால், கால் தானாக எதையோ தேடி மிதிக்கும். இங்கே மிதிக்க எதுவும் இல்லை. வழவழத்த டைல்ஸ். வாளித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது, சுவரிலெல்லாம் நீர் முத்துமுத்தாக இறங்கியது, சட்டை முதுகோடு ஒட்டியது, தனக்கே மூச்சு முட்டுகிறது, பூனைக்கு எப்படி இருக்கும், ஒருவேளை ஆவியே அதிகமாகிவிட்டதோ, திறந்துவிடலாமா, திறந்தால் அவள் வருவாள். ஆள்காட்டி விரலால் அதன் நெற்றியைத் தடவினான். காது குளிர்ந்திருந்தது. இவ்வளவு சூட்டிலும் காது குளிர்கிறதே. வெக்காளியம்மா. கண்ணை வேணுமானா எடுத்துக்கோ தாயே. ஒரு கண்ணில்லை, ரெண்டு கண்ணையும் எடுத்துக்கோ, குருட்டுப் பூனையா இருந்துட்டுப் போகட்டும், அக்கா மடியை விட்டு எறங்கப் போறதில்ல, அதுக்கெதுக்குக் கண்ணு. மூச்சை மட்டும் விட்டுடு. சொன்னதும் திக்கென்றது. மூச்சை விட்டுவிடு என்றால் என்ன அர்த்தம். மூச்சை அதனிடமே விட்டுவை என்றுதான் சொன்னான். ஆனால் கேட்கிறவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டால்? மூச்சு விடுது என்றால் உயிரோடு இருக்கிறது. மூச்சை விட்டுட்டுது என்றால் செத்துவிட்டது. எவன் இப்படி ஒரே சொல்லை ரெண்டுக்கும் வைத்தான். அம்மா, நான் அப்படிச் சொல்லல, மூச்சை எடுத்துக்காதேன்னுதான் சொன்னேன், எடுத்துக்காதே, வச்சுக்கட்டும், அது வச்சுக்கட்டும். கண் என்று சொன்னேனே, அது யார் கண் என்று சொன்னேனா? பூனைக் கண், பூனைக் கண்தான். முட்டாள்தனமாகச் சாமியிடம் சொல்லைத் திருத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் கொர் வந்து, விசில் வந்து, அடுத்த கொர் வரத் தாமதமானது.

வந்தது. ஆனால் தாமதமாக வந்தது.

அதன்பிறகு சத்தங்களை அல்ல, சத்தங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியைக் கேட்க ஆரம்பித்தான். கூடையோடு சேர்த்து இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டான். அழுத்திப் பிடிக்காதீர்கள். அழுத்தவில்லை, கை இருக்கிறது அவ்வளவுதான். சுக்கு தலையைத் தூக்கி அந்தப் பாதி மறைந்த கண்ணால் கதவைப் பார்த்தது, இவனை அல்ல, கதவை. முன்னங்காலை நீட்டிப் புடவையை ஒரு தரம் பிறாண்டியது. வயிறு உள்வாங்கி வெளியே வந்தது, உள்வாங்கியது. வாயைப் பெரிதாக, கொட்டாவி விடுகிற மாதிரி திறந்தது. அந்தக் கொட்டாவிக்குச் சத்தமே இல்லை. பிறகு உடம்பு நீளமாக, இவ்வளவு நீளமா என்று தோன்றுகிற அளவுக்கு நீளமாக நீண்டு, தாடை இவன் மணிக்கட்டில் வந்து படிந்தது. அது கனமாக இருந்தது. வருது, இதோ அடுத்தது வருது என்று காத்திருந்தான். வென்டிலேட்டர் வழியாகத் தெருவில் பழைய பேப்பர்க்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் முனை திரும்பும்வரை காத்திருந்தான். மார்பில் காதை வைத்தான். தன் காதுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூக்கில் ஊதினான். சளியும் மருந்தும் கலந்த ஒரு கசப்பு உதட்டில் ஒட்டியது. மறுபடி ஊதினான். விலாவைத் தேய்த்தான். சுக்கு, சுக்கு, ஏய் சுக்கு.

“மூச்சு விடுதா?”

“விடுதுக்கா.”

வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு அந்தப் பொய் குளியலறைக்குள் இவனோடு வந்து உட்கார்ந்துகொண்டது. இனி எழுந்து கதவைத் திறக்க முடியாது. திறந்தால் அது முடிந்துபோகும், திறக்காதவரை அது விடுது. அவ்வளவுதான், திறக்கவில்லை என்றால் போதும். யோசி. நிதானமாக யோசி. துண்டில் சுற்றிக்கொண்டு டாக்டரம்மா வந்துவிட்டாள் என்று சொல்லி வெளியே ஓடலாம். அட்மிட் பண்ணச் சொன்னார்கள் என்று திரும்பி வரலாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறது, தேறுகிறது, சாப்பிடுகிறது, நாலு நாள் கழித்து, பத்து நாள் கழித்து. அதற்குள் இதே மாதிரி ஒரு பழுப்புப் பூனை, திருச்சியில் இல்லாத பூனையா, ஆனால் அவளை யார் ஏமாற்ற முடியும், வாலை வைத்தே கண்டுபிடிப்பாள். கண்ணைப் பார்த்து, ஆமாம் கண், ஆபரேஷனில் கண்ணை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் முகம் மாறிவிட்டது என்று சொல்லலாம். சீ. என்ன யோசிக்கிறாய். அடுக்களையில் கத்தி இருக்கிறது. இன்றைக்கு எடுத்து ஒளித்துவைக்க மறந்துவிட்டான். மொட்டைமாடிக் கதவு திறந்துதான் இருக்கும். இவன் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதவு. சொன்னால் அவள் எழுந்து போவாள், சத்தம் போடாமல் எழுந்து போவாள், அவள் எதையும் சத்தம் போட்டுச் செய்கிறவள் இல்லை. முதலில் சுவரைப் பார்த்துப் படுப்பாள். அதுதான் ஆரம்பம். சொல்லாமல் எவ்வளவு நேரம் இருக்கலாம். தண்ணீர் ஆறிவிட்டது. ஆவி எல்லாம் இறங்கிவிட்டது, எதிர்ச் சுவர் தெளிவாகத் தெரிந்தது, சோப்புப் பெட்டி, தேய்ந்த பிரஷ், அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்த கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் யாரோ ஒருவன் மடியில் கூடையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“வரதா. கதவத் தொற.”

“இருக்கா. ஆவி போயிடும். இன்னும் கொஞ்ச நேரம். இப்பதான் கொஞ்சம் தூங்குது.”

“தொறடா.”

“சொன்னா கேளுக்கா, வெந்நி வேணும், இன்னொரு குண்டான் வெந்நி வச்சுக் குடு, நல்லாக் கொதிக்கக் கொதிக்க.”

அடுக்களைக்குப் போகிறாளா என்று காதைத் தீட்டிக் கேட்டான். கொலுசு நகரவில்லை. பிறகு, கதவுக்கு மிகப் பக்கத்தில், உதட்டைக் கதவில் வைத்துச் சொல்கிற மாதிரி அவள் குரல் வந்தது.

“அது சத்தம் நின்னு போச்சுடா. பேப்பர்காரன் போறதுக்கு முன்னாடியே நின்னு போச்சு. எனக்குக் கேட்டுச்சு.”

இவன் கொண்டியைப் பார்த்தான்.

“எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். விடுதான்னு கேட்டேன், நீ விடுதுன்னே. சரின்னு விட்டேன். இப்ப நீ உள்ள ஒத்தையா கொண்டியப் போட்டுக்கிட்டு என்ன பண்றேன்னு தெரியல. உன் சத்தமும் கேக்கல. எனக்குப் பயமா இருக்குடா. தொற.”

பயமா இருக்குடா. அவளுக்கு. இவனை நினைத்து. அதை உள்ளே வாங்கிக்கொள்ள முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். இத்தனை நேரம் கதவுக்கு இரண்டு பக்கமும் இருந்தது ஒரே பயம்தான் என்பது மெல்ல உறைத்தது. கூடையைக் கீழே வைக்க மனமில்லாமல் ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு, முட்டிபோட்டு நகர்ந்து, மறுகையால் கொண்டியை நீக்கினான். வெளியிலிருந்து வந்த காற்று சில்லென்று முகத்தில் பட்டது. தமயந்தி குனிந்து உள்ளே வந்தாள். ஈரத்தரை என்றும் பாராமல் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று இத்தனை நேரம் அவன் மறைத்த எல்லாவற்றையும், நாக்கை, வாயை, கண்ணை, நிதானமாகப் பார்த்தாள். புடவைத் தலைப்பை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, ஒட்டிப்போன அந்த இடது கண்ணை ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். காய்ந்த பீளை கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வந்தது. இமை பிரிந்தது. உள்ளே கருவிழியே இல்லை, பால் திரிந்த மாதிரி ஒரு வெண்மையும் நடுவில் ஒரு சிவந்த குழியும் இருந்தன. இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் திருப்பிக்கொள்ளவில்லை.

“இவ்ளோ புண்ணா இருந்திருக்கு” என்றாள். “வலிச்சிருக்கும்ல?”

இல்லக்கா என்று நாக்கு நுனிவரை வந்தது. மருந்து போட்டிருக்கு, அதுக்கு வலி தெரிஞ்சிருக்காது, தூக்கத்துலயே போயிடுச்சு. எல்லாம் தயாராக, வரிசையாக வந்து நின்றது.

“வலிச்சிருக்கும்க்கா” என்றான். “ரொம்ப வலிச்சிருக்கும்.”

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்து முடித்து, மூக்கைத் துடைத்து, கடைவாயைத் துடைத்தாள். பிறகு கை நின்றது. கரூரிலிருந்து வந்த நாளிலிருந்து ஒருதரம்கூட அழாத தமயந்தி, வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து, கீழ்வீட்டுக்கும் தெருவுக்கும் கேட்கும்படி அழுதாள். கீழே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது, யாரோ என்னம்மா என்னம்மா என்று கூப்பிட்டார்கள். வரதன் எழுந்து போய்ப் பதில் சொல்லவில்லை, அக்காவின் வாயைப் பொத்தவும் இல்லை. அவள் தோளோடு தோள் ஒட்டி அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, தானும் அழுதான்.